மாநிலப் பூங்கா: விற்கக் கூடாத நிலம்

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்த்துவிட்டு வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒன்று அநேகமாக இப்படி இருக்கும். நாலைந்து பேர் கைகோத்து நின்றாலும் அணைக்க முடியாத பெரிய மரம். அதன் அடியில் ஸ்வெட்டர் போட்ட அப்பா, புடவையும் ஷூவுமாக அம்மா. எங்கே எடுத்தது என்று கேட்டால், "ஏதோ ஸ்டேட் பார்க்காம்" என்பார்கள். அந்த ஸ்டேட் பார்க் என்பது என்ன, யார் தொடங்கினார்கள், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மாநிலப் பூங்காக்கள் உண்டு. நான் கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்கிறேன். காட்டு நிலத்தை மக்களுக்காக ஒரு மாநிலத்தின் கையில் ஒப்படைக்கும் வேலை பெரிய அளவில் அங்கேதான் தொடங்கியது. எங்கே சறுக்கும் என்பதும் அங்கேதான் முதலில் தெரிந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பூங்கா என்றதும் நமக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் சிமென்ட் பெஞ்சும்தான் நினைவுக்கு வரும். மாநிலப் பூங்கா அப்படிப்பட்டதல்ல. பல ஆயிரம் ஏக்கர் காடாக இருக்கலாம். கடற்கரையாகவோ பாலைவனமாகவோ இருக்கலாம். ஆள் ஒழிந்துபோன பழைய ஊராகக்கூட இருக்கலாம்.

அடுத்த குழப்பம், தேசியப் பூங்காவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது. சென்னையில் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. பெயரில் தேசியம் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு வனத்துறைதான். இங்கே அந்தச் சொல், சட்டம் அந்த இடத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு தருகிறது என்பதைக் காட்டுகிறது. அமெரிக்காவில் அது சொந்தக்காரர் யார் என்பதைக் காட்டும். தேசியப் பூங்கா மத்திய அரசுடையது, அங்கே வேலை பார்ப்பவர்களும் மத்திய அரசு ஊழியர்கள். மாநிலப் பூங்காவின் பத்திரம் மாநிலத்தின் பெயரில் இருக்கும். செலவு மாநில பட்ஜெட்டில் வரும். ரேஞ்சர் மாநில ஊழியர். தேசியப் பூங்காக்களுக்கு வாங்கிய வருடாந்திர பாஸை மாநிலப் பூங்கா வாசலில் நீட்டினால் செல்லாது. முதல் முறை போகிறவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

சரி, கதைக்கு வருவோம்.

1862இல் அமெரிக்க அரசு ஹோம்ஸ்டெட் சட்டத்தைக் கொண்டுவந்தது. மேற்கே போய்க் குடியேறி உழுகிறவருக்கு 160 ஏக்கர் கிடைக்கும். நிலம் என்றால் பங்குபோட்டுக் கொடுப்பதற்கே என்று எல்லோரும் நினைத்த காலம் அது. இரண்டே வருடம் கழித்து, 1864 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் நேர் எதிரான ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யோசெமிட்டி பள்ளத்தாக்கும் மாரிபோசா என்ற பெருமரத் தோப்பும் கலிஃபோர்னியா மாநிலத்துக்குக் கொடுக்கப்பட்டன. நிபந்தனை இதுதான்: அவை மக்கள் வந்து பார்க்கவும் இளைப்பாறவும் மட்டுமே இருக்க வேண்டும், எந்தக் காலத்திலும் கைமாற்றக் கூடாது. நம் ஊரில் கோயிலுக்கு எழுதிவைத்த நிலத்தை விற்கக் கூடாது என்று சொல்வதைப் போன்ற நிபந்தனை. வித்தியாசம், இங்கே தெய்வத்தின் இடத்தில் பொதுமக்கள்.

அந்தப் பள்ளத்தாக்கு யாருமற்ற இடமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் ஆயுதப் படை ஒன்று துரத்தியிருந்தது. பொதுமக்களுக்கு என்று எழுதிவைத்த நிலம், அதற்கு 13 வருடங்களுக்கு முன் ஒரு மக்களிடமிருந்து பறித்த நிலம். அமெரிக்கப் பூங்காக்களின் வரலாற்றை எங்கே தோண்டினாலும் இது கிடைக்கும். இதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

வாக்குறுதி கொடுத்தாயிற்று. அதைக் காப்பாற்ற யார் இருந்தார்கள்? கேலன் கிளார்க் என்பவரைக் காவலராக நியமித்தார்கள். சம்பளம் ஆண்டுக்கு 500 டாலர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட், யோசெமிட்டியை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று 1865இல் அருமையான அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தார். அழகான இடங்களைப் பணக்காரர்கள் தங்களுக்கென்று வளைத்துக்கொள்வார்கள், அதனால் சாதாரண மக்களுக்காக அவற்றைக் காப்பது அரசின் கடமை என்பது அதன் சாரம். அறிக்கை சட்டமன்றத்துக்கே போகாமல் கிடப்பில் போடப்பட்டது. பள்ளத்தாக்கில் ஹோட்டல்கள் வந்தன, வேலிகள் வந்தன, புல்வெளிகளை உழுதார்கள், மாடு மேய்த்தார்கள். 1890இல் அதைச் சுற்றியிருந்த மலைப்பகுதி தேசியப் பூங்காவானது. இயற்கைப் பாதுகாப்புக்காக எழுதிப் போராடிய ஜான் மியூர் போன்றவர்கள் இடைவிடாமல் வற்புறுத்த, 1906இல் பள்ளத்தாக்கும் தோப்பும் மத்திய அரசிடமே திரும்பிப் போயின.

முதல் முயற்சியில் மாநிலம் தோற்றது. விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வருடா வருடம் பணம் வேண்டும், கேள்வி கேட்க ஒரு அலுவலகம் வேண்டும். மாநிலப் பூங்கா அமைப்பு என்று சொல்லும்போது அமைப்பு என்ற சொல்லுக்கு இவ்வளவு எடை இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ளக் கலிஃபோர்னியாவுக்கு இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. கற்றுக்கொடுத்தது ரெட்வுட் மரம்.

ரெட்வுட்டைச் செம்மரம் என்று மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் நமக்குச் செம்மரம் என்றால் சேஷாசலம் காடும் கடத்தலும் நினைவுக்கு வந்துவிடும். அது முற்றிலும் வேறு மரம், ஆகவே ரெட்வுட் என்றே வைத்துக்கொள்வோம். உலகிலேயே உயரமான மரம் இதுதான். 100 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. வள்ளுவர் காலத்தில் முளைத்த மரம் இன்றும் நிற்கிறது என்றால் அது மிகையில்லை, 2000 ஆண்டுகள் வாழ்ந்தவை இருக்கின்றன. ஓரிகனின் தெற்கு முனையிலிருந்து கலிஃபோர்னியாவின் பிக் சர் வரை, கடலிலிருந்து மூடுபனி வந்து நனைக்கும் ஒரு குறுகிய பட்டையில்தான் இது இயற்கையாக வளர்கிறது. மழை இல்லாத கோடையில் அந்தப் பனிதான் அதற்குத் தண்ணீர்.

இதன் பலகை எளிதில் உளுத்துப்போகாது, கறையான் அவ்வளவாக அண்டாது. அதுவே அதற்கு எமனாகிவிட்டது. 1849இல் தங்க வேட்டைக்குக் கூட்டம் வந்ததிலிருந்து வீடு, ரயில்பாதைக் கட்டை, வேலிக்கால், ஒயின் பீப்பாய் என்று எல்லாவற்றுக்கும் ரெட்வுட்டையே அறுத்தார்கள். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவை மறுபடி கட்டியெழுப்பவும் இந்தக் காடுகளே பலகை கொடுத்தன. ஒரு காலத்தில் சுமார் 20 லட்சம் ஏக்கரில் நின்ற பழங்காட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்.

1900ஆம் ஆண்டில் சான் ஹோசேயைச் சேர்ந்த ஓவியரும் புகைப்படக்காரருமான ஆண்ட்ரூ பி. ஹில், இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்காக ரெட்வுட் மரங்களைப் படமெடுக்க ஃபெல்டன் என்ற ஊருக்குப் போனார். அங்கிருந்த தோப்பு தனியாருக்குச் சொந்தம். கட்டணம் வாங்கி ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். படமெடுத்து முடித்த ஹில்லை உரிமையாளர் பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டு எடுத்தாய், நெகட்டிவைக் கொடு என்று சண்டை. ஹில் கொடுக்கவில்லை. ஆனால் கோபத்தோடு ஊர் திரும்பும் வழியில் அவருக்கு ஓர் எண்ணம் உறைத்தது: இரண்டாயிரம் வருடம் நின்ற மரத்தை ஒரு மனிதர் தன்னுடையது என்று சொல்லி, அதைப் பார்க்கக்கூட விலை வைக்க முடியுமா? இன்றைக்கு நாம் பார்க்க விரும்பினால் அவர் தடுக்கலாம், நாளைக்கு அவரே அறுத்து விற்கவும் செய்யலாமே.

அந்த ஃபெல்டன் தோப்பு இன்று ஹென்றி கவல் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவின் பகுதி. யார் வேண்டுமானாலும் போய் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது மாநிலப் பூங்காவாக 50 வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஹில் உடனடியாகச் செய்தது வேறு. ஆட்களைத் திரட்டினார். எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், மகளிர் மன்றத்தினர் என்று ஒரு சிறு குழு, கோடரி படாத பெரிய காடு ஒன்று மிச்சமிருந்த பிக் பேசினுக்கு 1900 மே மாதம் போய் முகாமிட்டது. அங்கேயே செம்பர்வைரன்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். ரெட்வுட்டின் அறிவியல் பெயரின் பின்பாதிதான் அந்தச் சொல், என்றும் பசுமையானது என்று பொருள். தொப்பியைச் சுற்றிவிட்டு நிதி திரட்டினார்கள். சேர்ந்தது 32 டாலர்.

அந்த 32 டாலரில் தொடங்கியவர்கள் ஒரே வருடத்தில் மாநிலச் சட்டமன்றத்தை 2,50,000 டாலர் ஒதுக்க வைத்தார்கள். கட்டுரை எழுதினார்கள், ஹில்லின் படங்களைக் காட்டினார்கள், உறுப்பினர்களைத் தேடித்தேடிப் பேசினார்கள். 1902இல் மாநிலம் சுமார் 3,800 ஏக்கரை விலை கொடுத்து வாங்கியது. பிக் பேசின், கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. யோசெமிட்டி மேலிருந்து வந்த கொடை. இதை மக்கள் கேட்டுப் போராடி, தங்கள் வரிப்பணத்தில் வாங்க வைத்தார்கள். எனக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமாகப் படுகிறது.

பிக் பேசின் கிடைத்ததே தவிர, அமைப்பு இன்னும் வரவில்லை. அடுத்த 25 வருடங்களில் இன்னும் சில இடங்கள் மாநிலத்தின் கைக்கு வந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பொறுப்பில் சிதறிக் கிடந்தது. இதற்கிடையில் மக்களிடம் கார் வந்துவிட்டது. வடக்கே ஹம்போல்ட் பகுதியில் ரெட்வுட் காட்டுக்குள்ளேயே நெடுஞ்சாலை போட்டார்கள். சாலையில் போனவர்கள் மரம் விழுவதைக் கண்ணால் பார்த்தார்கள். 1918இல் சேவ் த ரெட்வுட்ஸ் லீக் என்ற சங்கம் உருவாகி, நன்கொடை திரட்டித் தோப்பு தோப்பாக வாங்கி மாநிலத்திடம் ஒப்படைக்கத் தொடங்கியது. அதைத் தொடங்கிய மூவரில் ஒருவரான மேடிசன் கிராண்ட், மனித இனங்களை உயர்ந்தது தாழ்ந்தது என்று பிரித்து எழுதியவர். அவருக்காக வைத்திருந்த நினைவுக் கல்லை மாநிலப் பூங்காத் துறையே 2021இல் அகற்றியது. மரங்களுக்காக உருகியவர் மனிதர்களைத் தரம் பிரித்தார் என்பது கசப்பான உண்மை. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1921இல் அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் மாநிலப் பூங்காக்களுக்கான முதல் தேசிய மாநாடு நடந்தது. அதற்கு முன்னின்றவர் தேசியப் பூங்காச் சேவையின் இயக்குநர் ஸ்டீவன் மேதர். தேசியத் துறையின் தலைவருக்கு மாநிலப் பூங்காக்கள் மேல் என்ன அக்கறை? நாடு முழுவதிலிருந்தும் எங்கள் ஊர் அருவியைத் தேசியப் பூங்காவாக்குங்கள், எங்கள் ஏரியை ஆக்குங்கள் என்று கோரிக்கைகள் அவரிடம் குவிந்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் அந்த இடங்கள் அழிந்துபோகவும் கூடாது. அந்த இடைவெளியை மாநிலங்கள் நிரப்ப வேண்டும் என்று அவர் விரும்பினார். கிராண்ட் கேன்யனைப் பார்க்க வாழ்நாளில் ஒரு முறை விடுமுறை எடுத்துப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு போய்வர, வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டாமா? அப்படிப்பட்ட இடம்தான் மாநிலப் பூங்கா.

கலிஃபோர்னியாவில் 1925இல் இதற்கான சட்டம் நிறைவேறியும் ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சரைப் போல அதிகாரம் உள்ளவர்.) அடுத்து வந்த சி.சி. யங் 1927இல் கையெழுத்திட்டார். மாநிலப் பூங்கா ஆணையம் பிறந்தது. எந்தெந்த இடத்தை வாங்கலாம் என்று மாநிலம் முழுவதும் ஆய்வு செய்யும் வேலையை ஆணையம் யாரிடம் கொடுத்தது தெரியுமா? ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட் ஜூனியரிடம். ஆம், 1865இல் அறிக்கை எழுதி அது முடங்கிப்போனதைப் பார்த்தவரின் மகன். அவர் 330 இடங்களைப் பரிசீலித்து 125 இடங்களைப் பரிந்துரைத்தார். அப்பாவின் அறிக்கைக்கு நேர்ந்தது மகனின் அறிக்கைக்கு நேரவில்லை. பல பத்தாண்டுகளுக்கு அதுவே வழிகாட்டியாக இருந்தது.

பணத்துக்கு 1928 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். 60 லட்சம் டாலருக்கு மாநிலம் கடன்பத்திரம் வெளியிடலாமா என்பது கேள்வி. மாநிலம் போடும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக இன்னொரு டாலரோ அதன் மதிப்புள்ள நிலமோ வேறு வழியில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மக்கள் சரி என்றார்கள். அடுத்த வருடமே பெருமந்தம் வந்து நாடு சரிந்தது, ஆனால் பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. நிலத்தின் விலை விழுந்திருந்த அந்த நேரத்தில் கடற்கரைகளும் காடுகளும் மாநிலத்தின் கைக்கு வந்தன. பெரும் செல்வந்தரான ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் கொடுத்த பெரும் நன்கொடையும் சேர்ந்து, ஹம்போல்ட்டில் சுமார் 10,000 ஏக்கர் பழங்காடு 1931இல் மரக் கம்பெனியிடமிருந்து மீட்கப்பட்டது. தொடர்ச்சியாக மிஞ்சியிருக்கும் ரெட்வுட் பழங்காடுகளில் மிகப் பெரியது அதுதான். 1933 முதல் வேலையில்லாத இளைஞர்களை மத்திய அரசு சிசிசி என்ற படையாகத் திரட்டி அனுப்பியது. நடைபாதைகள், பாலங்கள், கல் அடுப்புகள், முகாம் இடங்கள் எல்லாம் அவர்கள் கையால் கட்டியவை. அவற்றில் பல இன்றும் பயன்படுகின்றன.

இன்று கலிஃபோர்னியாவில் சுமார் 280 மாநிலப் பூங்காக்கள். மாநிலத்தின் கடற்கரையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் துறையிடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விதி இல்லை. இயற்கைக் காப்பகம் என்று வகைப்படுத்திய இடத்தில் பாதையை விட்டு இறங்கக் கூடாது. பொழுதுபோக்குப் பகுதி என்றால் படகு விடலாம், மீன் பிடிக்கலாம். போவதற்கு முன் அந்த இடம் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வரலாற்றுப் பூங்கா என்று ஒரு வகை இருக்கிறது. மாநிலப் பூங்கா எதற்கு என்ற கேள்விக்கு அழுத்தமான பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. போடி என்பது தங்கம் தோண்டிய ஊர், தங்கம் தீர்ந்ததும் ஜனங்கள் போய்விட்டார்கள். கடையில் டப்பாக்கள், வீட்டில் மேசை நாற்காலி எல்லாம் விட்ட இடத்தில் விட்டபடி இருக்கின்றன. புதுப்பிப்பதில்லை, மேலும் இடிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். அலன்ஸ்வொர்த் என்பது, அடிமையாகப் பிறந்து ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்த அலன் அலன்ஸ்வொர்த், கறுப்பின மக்கள் தாங்களே ஆண்டுகொள்ளும் ஊராக 1908இல் உருவாக்கியது. தண்ணீர் இல்லாமல் அந்த ஊர் தேய்ந்துபோனது. அந்தப் பள்ளிக்கூடத்தையும் நூலகத்தையும் மாநிலம் காத்துவருகிறது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1910 முதல் 1940 வரை ஆசியாவிலிருந்து கப்பலில் வந்தவர்களை அங்கே நிறுத்தி விசாரித்தார்கள். சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று 1882இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். அதனால் சீனர்களை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மர முகாம்களில் அடைத்துவைத்தார்கள். ஜப்பானியர்கள், கொரியர்கள், பஞ்சாபிலிருந்து போன நம் நாட்டவர்களும் அந்த வாசலில் நின்றவர்களே. பின்னாளில் தீவு மாநிலப் பூங்காவானது. முகாம் கட்டடத்தை இடித்துவிடலாம் என்று இருந்தபோது, 1970இல் அலெக்ஸாண்டர் வைஸ் என்ற பூங்கா ரேஞ்சர் சுவரில் எழுத்துகள் செதுக்கியிருப்பதைக் கவனித்தார். அடைபட்டவர்கள் சீன மொழியில் எழுதிய கவிதைகள். வீட்டு ஏக்கம், கோபம், ஏமாற்றம் எல்லாம் மரச்சுவரில் கத்தியால் கீறிய வரிகளாக இருந்தன. சீன அமெரிக்கர்கள் திரண்டு போராடிக் கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். இன்று படகேறிப் போய் யாரும் அந்தச் சுவரைப் பார்க்கலாம். அந்த இடத்தில் ஒரு ரேஞ்சர் சம்பளத்துக்கு இருந்திராவிட்டால், அவருக்குக் கண் இருந்திராவிட்டால், அந்தக் கவிதைகள் குப்பையோடு போயிருக்கும்.

பணம்தான் இந்த அமைப்பின் பலவீனம். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் பூங்காவுக்கான பணத்தில்தான் முதலில் கைவைப்பார்கள். 2011இல் 70 பூங்காக்களை மூடப்போவதாக மாநிலம் அறிவித்தது. ஊர் ஊராக மக்கள் கிளம்பினார்கள், நன்கொடை திரட்டினார்கள், சில இடங்களைத் தொண்டு அமைப்புகளே எடுத்து நடத்த முன்வந்தன. கிட்டத்தட்ட எல்லாப் பூங்காக்களும் தப்பித்தன. ஆனால் 2012இல், கணக்கில் சரியாகக் காட்டாத 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை துறையின் நிதிகளில் இருந்தது தெரியவந்தது. உண்டியல் குலுக்கிய மக்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

பெரும்பாலான பூங்காக்களில் நடந்து போகிறவருக்குக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தத்தான் பணம் வாங்குகிறார்கள். கார் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்காக 2022 முதல் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பொது நூலகத்தில் புத்தகம் எடுப்பதைப் போலப் பூங்கா பாஸை இரவல் எடுத்துக்கொண்டு போய், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பழைய கணக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடியேறியின் பெயரில் இருந்த பேட்ரிக்ஸ் பாயிண்ட் பூங்காவுக்கு, 2021இல் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யூரோக் மக்கள் அந்த இடத்தைக் காலங்காலமாக அழைத்த சூ-மேக் என்ற பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள். 2024இல் மொடெஸ்டோ நகருக்கு அருகே டோஸ் ரியோஸ் என்ற புதிய பூங்கா திறக்கப்பட்டது. இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இருந்த பண்ணை நிலத்தை மறுபடி வெள்ளச் சமவெளியாக மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம், பிக் பேசின். 2020 ஆகஸ்டில் மழையில்லாமல் விழுந்த மின்னல்களால் பற்றிய தீ, அந்தப் பூங்காவின் 97 சதவீதத்தை எரித்துவிட்டது. சிசிசி இளைஞர்கள் கட்டிய தலைமைக் கட்டடம் சாம்பலானது. ஆனால் பெரிய ரெட்வுட்களில் பெரும்பாலானவை சாகவில்லை. ஓர் அடி கனம் வரை இருக்கும் பட்டை உள்ளே இருந்த உயிரைக் காத்தது. சில மாதங்களில் கரிந்த அடிமரத்திலிருந்து பச்சைத் துளிர்கள் பொசுபொசுவென்று கிளம்பின. ஓர் இலைகூட இல்லாத மரம் எதைச் சாப்பிட்டுத் துளிர்த்தது என்று ஆராய்ந்தபோது, பல பத்தாண்டுகளுக்கு முன்பு தயாரித்துச் சேர்த்துவைத்த சர்க்கரையை எடுத்துச் செலவழித்திருப்பது தெரிந்தது.

2022 ஜூலையில் பூங்காவின் ஒரு பகுதியைத் திறந்தார்கள். புதிய திட்டத்தில், முன்பு பழங்காட்டின் நடுவிலேயே இருந்த கார் நிறுத்தத்தையும் கட்டடங்களையும் வேர்களை மிதிக்காதபடி வெளியே தள்ளி அமைக்கப் போகிறார்கள். சான் ஹோசேயிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் காருக்கு முன்பதிவு தேவையா என்று பார்த்துக்கொண்டு ஒரு நாள் போய்வாருங்கள். கறுத்த மரங்களின் உடம்பு முழுக்கப் பச்சை படர்ந்து நிற்பதை அங்கே பார்க்கலாம்.